முதலில் டிரம்முக்கு மூடி கொடுங்கள், பிறகு அபராதம் கேளுங்கள்

கர்நாடக சுகாதாரத் துறைக்கும் பெங்களூரு மாநகர நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

1947-இல் உகாண்டா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டறியப்பட்ட ஜிகா வைரஸ், இன்று நம் வாசலுக்கு வந்துவிட்டது. 2017-இல் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு. 2022 டிசம்பரில் ராய்ச்சூரில் ஐந்து வயதுச் சிறுமிக்கு. மறு ஆண்டு சிக்கபள்ளாப்பூரில் பிடித்த கொசுக்களில். 2024-இல் பெங்களூருவை ஒட்டிய ஜிகனியில் சிலருக்கு.

பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று வந்து போனதே தெரியாது. கருவுற்ற பெண்ணுக்கு வந்தாலோ, குழந்தை மூளை வளர்ச்சி குன்றித் தலை சிறுத்துப் பிறக்கும் ஆபத்து உண்டு. என் அச்சமெல்லாம் அவர்களுக்காகத்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது. அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. ஸ்ரீராமபுரத்துச் சந்துகளில் வாசலுக்கு வாசல் டிரம் நிற்கிறதென்றால், அது சோம்பலால் அல்ல. குழாயில் தண்ணீர் நாள் முழுவதும் வந்தால் யார் டிரம் வாங்கப் போகிறார்கள்? 2024 கோடையில் நகரமே தண்ணீருக்குத் தவித்தது. அதே ஆண்டு டெங்கு பெருகியபோது, கொசு வளர இடம் தரும் வீடுகளுக்கு அபராதம் என்று அரசு அறிவித்தது. முறை வைத்துத் தண்ணீர் விடும் தெருவில், தண்ணீரைச் சேமித்த குடும்பத்திடம் தண்டம் கேட்பது நியாயமில்லை.

இறுக்கமான மூடியோ வலைத்துணியோ வீடு வீடாகக் கொடுங்கள். தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லி, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். சேமிப்பு தானாகக் குறையும். புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். இதைக் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தெருப் பாட்டிகளில் பலருக்கு எழுத்தே தெரியாது. வீடு தேடி வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் வாய்மொழியாகவும் சொல்லட்டும்.

அந்த ஆஷா பணியாளர்களிடம்தான் கருவுற்ற பெண்களின் பட்டியலும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் ஜிகா உறுதியானால் அந்தப் பெண்களை அன்றே தேடிப் போய், இலவசமாகப் பரிசோதித்து, முடிவை அவர்கள் கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பகலில் கடிக்கும் கொசு இது. அங்கன்வாடிகளின் ஜன்னல்களுக்கும் வலை வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் இவற்றைத் தொடங்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் ஒரு தமிழர்