அப்பா கேட்ட ஓட்டுக் கணக்கு

டுலூத், மினசோட்டா
22-12-2016

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி, பெரியக்கா வீட்டில் எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். திட்டாதீர்கள். போன் பண்ணினால் "ஆங்? ஆங்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். பக்கெட் வீல் பக்கத்தில் முப்பது வருடம் நின்ற காது, அதைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால்தான் நமக்குள் இன்னும் பேனாவும் தாளும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வாரம் மைனஸ் 28. மூச்சை இழுத்தால் மூக்கிலிருக்கும் முடி உறைந்து குத்துகிறது. ஏரிக்கு முன்னால் நின்றால் பால் பொங்கப் போகிற மாதிரி தண்ணீரிலிருந்து ஆவி எழும்புகிறது. ஏரி என்று பெயர், எதிர்க்கரை தெரியாது, நம் கண்ணுக்கு அது கடல்தான். அம்மாவிடம் சொல்லுங்கள்: ஸ்வெட்டர் இரண்டு இருக்கிறது, காதுக்குக் குல்லா இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

வீடு மாறிவிட்டேன். இப்போது இருப்பது ஒரு தாத்தா வீட்டின் அடித்தளம். சூடேற்றும் அடுப்பு என் அறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மேலே இருப்பவர்களைவிட எனக்குத்தான் கதகதப்பு. காரையும் கொடுத்துவிட்டேன். பனியில் அதைத் தோண்டி எடுப்பதே பெரிய வேலை; நடப்பது உடம்புக்கு நல்லது. காலையில் தாத்தா வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் பனி அள்ளிப் போடுகிறேன், அதற்கு வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். தண்டால் எடுத்த மாதிரி ஆயிற்று.

இந்தத் தாத்தாவைப் பற்றிச் சொன்னால்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கு வர முடியும். பின்லாந்திலிருந்து வந்த குடும்பம். அவர் அப்பாவும் சுரங்கம், இவரும் சுரங்கம். உங்களை மாதிரியே சங்கத்து ஆள், சந்தா ரசீதை எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பேச்சு ரொம்பக் குறைவு. நான் குடிவந்து முதல் வாரத்தில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். சனிக்கிழமை தவறாமல் சவுனா. மர அறையில் கல்லைச் சுடவைத்து, தண்ணீர் தெளித்து, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பது. அங்கே மட்டும் கொஞ்சம் வாய் திறப்பார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் அவர் மகன் இருக்கும் ஹிப்பிங்குக்கு என்னை வண்டியில் கூட்டிப் போனார்.

அப்பா, அங்கே போய் இறங்கியதும் எனக்கு நெய்வேலிதான். மூன்று மைலுக்கு மேல் நீளமான திறந்தவெளிச் சுரங்கம். நம் பழுப்புக்கு இங்கே சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். நம் பக்கம் சுரங்கத்துக்காக ஊர்களைக் காலி பண்ணினார்களே, இவர்கள் ஊரையே நகர்த்தியிருக்கிறார்கள். அடியில் இரும்பு இருக்கிறது என்று 1919 வாக்கில் தொடங்கி, வீடுகளை உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி இரண்டு மைல் தெற்கே கொண்டுபோய் வைத்தார்களாம். நல்ல தாது தீர்ந்துபோன பிறகு இப்போது டாகோனைட் என்கிற கல்லை வெட்டுகிறார்கள். அதைப் பொடியாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, களிமண் சேர்த்து உருட்டி, சுட்டு, கோலிக்குண்டு அளவில் உருண்டையாக இங்கே கொண்டுவந்து கப்பலேற்றுகிறார்கள். ஒரு உருண்டையை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

மதியத்துக்குப் பேஸ்டி கொடுத்தார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் வைத்து மடித்துச் சுட்ட பெரிய சோமாஸ். இங்கிலாந்திலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம், சட்டைக்குள் வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போவார்களாம். எனக்கென்று இறைச்சி இல்லாமல் ஒன்று செய்திருந்தார் மருமகள். ருசி என்று சொல்ல மாட்டேன், உப்பு மிளகோடு சரி. பிறகு போட்டீட்சா என்று ஒரு இனிப்பு ரொட்டி. அக்ரூட் விழுதைத் தடவிச் சுருட்டிச் சுட்டது, வெட்டினால் உள்ளே நத்தைக்கூடு மாதிரி சுருள் சுருளாக இருக்கும். அது ரொம்ப நன்றாக இருந்தது. சின்னக்காவுக்குப் பிடிக்கும்.

இனி அதிபர் தேர்தல் பற்றிய உங்கள் கேள்வி. "எப்போதும் ஒரே பக்கம் விழுகிற மாநிலம் ஏன் இந்தத் தடவை நூலிழையில் தப்பியது? கணக்கோடு எழுது" என்று கேட்டிருந்தீர்கள். சங்கத் தேர்தலில் ஓட்டு எண்ணின ஆளாயிற்றே, கணக்கில்லாமல் விடுவீர்களா.

மினசோட்டா கடைசியாகக் குடியரசுக் கட்சிக்குப் போட்டது 1972-ல், நிக்ஸனுக்கு. 1984-ல் ரீகன் நாட்டையே வாரிக்கொண்டு போனபோதுகூட இந்த ஒரு மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும்தான் ஜனநாயகக் கட்சியின் மாண்டேலுக்கு நின்றன. அவர் இந்த ஊர்க்காரர், ஜெயித்தது 3,761 ஓட்டில். 2012-ல் அதே கட்சியின் ஒபாமா 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தத் தடவை ஹிலாரிக்கு வித்தியாசம் 44,765. ஒன்றரை சதவீதம்.

நீங்கள் உடனே ட்ரம்பைச் சொல்லி, "அந்த ஆள் அள்ளிவிட்டார்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 2012-ல் குடியரசுக் கட்சியின் ராம்னி இங்கே வாங்கியது 13 லட்சத்து 20 ஆயிரம். ட்ரம்ப் வாங்கியதும் ஏறக்குறைய அதேதான், சில ஆயிரம் கூட. ஹிலாரி வாங்கியதோ ஒபாமாவைவிட ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் குறைவு. ஜான்சன் என்ற மூன்றாவது ஆளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. மக்மல்லின் என்று நீங்கள் கேள்வியே பட்டிராத ஒருவர் 53,000 வாங்கியிருக்கிறார். வந்த வெள்ளம் கரையை உடைக்கவில்லை, கரை தானாகச் சரிந்திருக்கிறது.

குடியரசுக் கட்சி வாங்கிய மொத்தம்தான் மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது. மினியாபொலிஸ் புறநகரில் படித்த, வசதியான குடும்பங்கள் ராம்னிக்குப் போட்டதை ட்ரம்புக்குப் போடவில்லை. அங்கே இழந்ததை அவர் வடக்கிலும் கிராமத்திலும் எடுத்துக்கொண்டார். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி; 87 கவுண்டியில் ஹிலாரிக்குக் கிடைத்தது 9. ஒபாமாவுக்குப் போட்டிருந்த 19 கவுண்டிகள் கட்சி மாறின. டுலூத்தும் ஹிப்பிங்கும் இருக்கும் எங்கள் செயின்ட் லூயிஸ் கவுண்டி மாறவில்லைதான், ஆனால் ஒபாமாவுக்கு 63 சதவீதம் கொடுத்த இடம் ஹிலாரிக்கு 51 கொடுத்தது.

ஏன் என்றால், இங்கே ஹிலாரியின் கட்சிப் பெயரிலேயே விவசாயியும் தொழிலாளியும் இருக்கிறார்கள். 1944-ல் விவசாயி-தொழிலாளர் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஒன்றானது. சுரங்கத்தில் சங்கம், சங்கத்தில் கட்சி, அப்பன் போட்டதைப் பிள்ளை போடுவான். உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். 1980 வாக்கில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த சுரங்கங்களில் இப்போது நாலாயிரத்துச் சொச்சம். இயந்திரம் பெரிதாயிற்று, ஆள் குறைந்தது. போன வருடம் வெளிநாட்டு மலிவு எஃகு வந்து குவிந்து, ஏறக்குறைய 2,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாத்தாவின் மகனும் அதில் ஒருவன், பல மாதம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் ஒருத்தர் வந்து "இறக்குமதியை நிறுத்துவேன்" என்கிறார். அவருக்கு எதிரே நிற்கும் ஹிலாரியின் கணவர் கிளிண்டன் பெயர் இவர்களுக்கு 1994-ல் மெக்சிகோ, கனடாவோடு வந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்சிக்குள்ளேயே மார்ச் மாத வேட்பாளர் தேர்வில் சாண்டர்ஸ்தான் இங்கே ஹிலாரியைப் பெரிதாகத் தோற்கடித்தார். அப்போதே காது கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று, செம்பு. ஈலி என்ற ஊர்ப் பக்கம் செம்பு-நிக்கல் வெட்ட வேண்டும் என்று இவர்கள் கேட்கிறார்கள். ஏரிகளும் காடும் கெட்டுப்போகும் என்று நகரத்துக் கட்சிக்காரர்கள் தடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சி! போன வாரம்தான் ஒபாமா அரசு அங்கே குத்தகையைப் புதுப்பிக்க முடியாது என்று சொன்னது. நகரத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நம் பக்கம் கிணறு வற்றினதை நான் பார்த்தவன். ஆனால் வேலை போனவனிடம் படகு விட வருகிறவன் அதைச் சொன்னால் எப்படி ஏறும்? இந்தப் பகுதியின் எம்.பி. நோலன் அதே கட்சிதான், சுரங்கத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர். ட்ரம்ப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் முன்னே போன அதே தொகுதியில் இவர் சுமார் 2,000 ஓட்டில் தப்பித்தார். ஊர் கட்சியை மொத்தமாகக் கைவிடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சுரங்கம் மட்டும்தான் காரணம் என்றும் எழுத மாட்டேன், அது பொய். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் ட்ரம்ப் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் இறங்கி, சோமாலியாவிலிருந்து வந்த அகதிகளைப் பற்றிப் பேசினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. வேலைப் பயத்துக்குள் எங்களை மாதிரி ஆட்கள் மேல் ஒரு பயமும் ஒளிந்திருக்கிறது. கடை வரிசையில் ஒருவர் "எப்போது ஊருக்குத் திரும்புகிறாய்?" என்று என்னைக் கேட்டார். சும்மா கேட்டாரோ என்னவோ. அம்மாவிடம் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

தாத்தா யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் கொட்டகைச் சுவரில் வெல்ஸ்டோன் என்ற செனட்டரின் பச்சைத் தட்டி இன்னும் தொங்குகிறது. 2002-ல் தேர்தலுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், இந்தச் சுரங்க ஊர்களுக்குப் பக்கத்திலேயே விமானம் விழுந்து இறந்துபோனவர். கென்னடி காலத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வாசல் புல்லில் கட்சித் தட்டி நட்டிருக்கிறார் தாத்தா. இந்த வருடம் நடவில்லை. சவுனாவில் ஒரு நாள் கேட்டேன். "தரை இறுகிப் போச்சு, கம்பி இறங்கல" என்றார். இந்த வருடம் நவம்பர் பாதி வரைக்கும் இங்கே குளிரே இல்லை அப்பா, நான் சட்டையோடு வெளியே போய்க்கொண்டிருந்தேன். மேலே கேட்கவில்லை. கல்லில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சின் மாநிலம், என் தெருமுனையிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியும். அங்கே 23,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ட்ரம்ப் எடுத்துவிட்டார். தண்ணீர் ஒன்று, கப்பல் ஒன்று, ஆட்களும் ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்திரி டி.வி.யில் வரைபடம் சிவந்துகொண்டே வந்தபோது அக்கா வாட்ஸ்அப்பில் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அனுப்பியிருந்தாள். எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. நீங்கள் பேங்க் வரிசையில் இரண்டு நாள் நின்றதைத் தம்பி சொன்னான். இனி அவனை அனுப்புங்கள். டிசம்பர் ஐந்தில் முதல்வர் போன செய்தி வந்ததும் இங்கே இருக்கும் நாலு தமிழ்க் குடும்பமும் ஒரு வீட்டில் கூடினோம். நான் ரசம் வைத்தேன். கட்சி பேசாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இதை எழுதும்போது துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. விடியற்காலையில் அது ஊதினால் முதல் ஷிப்ட் சங்கு என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மா தூக்குச்சட்டியில் மோர்சாதம் போட்டு, மூடியில் ஊறுகாய் வைத்து, நீங்கள் சைக்கிளை வெளியே எடுக்கிற சத்தம் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். கொஞ்ச நேரம் ஆகும், அறை எது என்று பிடிபட. ஜனவரி நடுவில் கப்பல் நின்றுவிடும், மார்ச் கடைசிவரை ஊதாது.

சரி, வீட்டு விஷயம்.

தம்பிக்கு நிரந்தரம் ஆகும் என்று சொல்லி யாரோ பணம் கேட்கிறார்களாமே, ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. சங்கத்தில் உங்கள் பழைய ஆட்களிடம் சொல்லி, சீனியாரிட்டி பட்டியலில் அவன் பெயர் எத்தனையாவது என்று எழுத்தில் வாங்குங்கள். வடலூர் மனைக்குப் பட்டா பெயர் மாற்றும் முன் மாமாவிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாமா நல்லவர், அத்தைதான் நாளைக்கு ஒன்று பேசுவார்கள். அம்மாவின் இடது கண்ணைத் தைப்பூசக் கூட்டம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். செல்வி கல்யாணத்துக்கு நான் வர முடியாது. இந்தச் சமயம் வெளியே போனால் விசா முத்திரை சிக்கலாகும் என்கிறார்கள். பெரியக்காவிடம் நானே போனில் பேசுகிறேன், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

பின்பக்கப் பலாவை வெட்டிச் செல்வி கட்டிலுக்குப் பலகை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தானே புயலில் முறிந்து மறுபடி துளிர்த்த மரம். வேண்டாம். கட்டிலுக்கு நான் அனுப்புகிறேன். இந்த மாதம் அனுப்புவது மட்டும் கொஞ்சம் தள்ளும், ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்க இடைவெளி, அதுதான். பிப்ரவரியில் சேர்த்து அனுப்பிவிடுவேன்.

அம்மாவை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: பழைய விலாசத்துக்கு எழுதாதீர்கள், திரும்பிவிடும். புது விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. தாத்தா பெயரை முதலில் போட்டு, அதன் கீழே என் பெயரை எழுதுங்கள். தபால் பெட்டியில் என் பெயர் இன்னும் ஒட்டவில்லை.