காவிரியின் கூன்முதுகு மஹ்சீர்: ஆற்றுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். மழைக்காலம் வருகிறது, பலர் காவிரிப் படுகையில் உள்ள மோயாறு பக்கம் போவீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரஞ்சு நிறத் துடுப்பும் முதுகில் திமிலும் கொண்ட இந்த மஹ்சீர் மீன், உலகத்திலேயே காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. 50 கிலோவைத் தாண்டி வளர்ந்த மீன் இது. ஆனாலும் இதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவியே என்று உறுதியானது 2018இல்தான். அதே ஆண்டு ‘மிக அருகிய இனம்’ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அணைகள், மணல் அள்ளுவது, வெடி வைத்துப் பிடிப்பது எல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, நல்லெண்ணத்தோடு விட்ட குஞ்சுகள். பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீரைப் பல ஆண்டுகளாகக் காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, நம் மீன் குறைந்தது. அதனால், ‘ஆற்றில் மீன் விடுகிறோம்’ என்று யார் கூப்பிட்டாலும் எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

மஹ்சீர் முட்டையிடுவது கூழாங்கல் படுகையில், ஓடுகிற தெளிந்த நீரில். அந்த இடங்களில் வண்டியை இறக்காதீர்கள்.

அப்புறம், மீனைப் பார்த்தால் படத்தைப் பகிருங்கள், இடத்தை மட்டும் போடாதீர்கள். வெடிச்சத்தம் கேட்டாலோ மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லிவிட்டு இங்கேயும் எழுதுங்கள்.