முதல் நாளே ஊசியா?

வேலூர் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். லாட்ஜ் அறைக்கு மாதம் ஒருமுறை வந்து ‘ஆண்மைக் குறைவு’க்கு மருந்து தரும் வைத்தியர்களை ஊரே அறியும். அத்தகைய மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்வதையும் தாங்கள் அறிவீர்கள். இந்த மடல் அவர்களைப் பற்றியது அல்ல. சோர்வு என்று போனவருக்கு முதல் நாளே டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி போடும் கண்ணாடிக் கதவுக் கிளினிக்குகளைப் பற்றியது.

என் மைத்துனருக்கு அப்படித்தான் நடந்தது. இரவு ஏழு மணிக்கு, டிபன் சாப்பிட்ட வயிற்றோடு இருந்தவரிடம் ரத்தம் எடுத்தார்கள். அளவு குறைவு என்றார்கள், ஊசியும் போட்டார்கள். இந்த ஹார்மோன் காலையில் கூடுதலாக இருந்து மாலைக்குள் இறங்குவது, சாப்பிட்டாலும் குறையும். வெறும் வயிற்றில், காலை வேளையில், இருவேறு நாட்கள் பார்த்து இரண்டிலும் குறைந்திருந்தால்தான், அதுவும் அறிகுறிகள் இருந்தால்தான், குறைபாடு என்று சொல்ல வேண்டும். அதன்பின், விரையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களைப் பார்த்தால் கோளாறு விரையிலா, அவற்றைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலா என்பது தெரியும். உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஊசி பெரிய உதவி, அதை மறுக்கவில்லை.

ஆனால் மைத்துனர் புதிதாக மணமானவர். வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடலாம், நிறுத்தினாலும் மீள மாதக்கணக்கில் ஆகலாம் என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேரனுக்காக ரத்தினகிரி படியேறும் என் மாமியாரிடம் இதை யார் சொல்வது? ரத்தம் கெட்டியாகிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமாட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும். அந்தப் பேச்சும் இல்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹார்மோன் சுரக்கும் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வங்காளத்திலிருந்து ரயிலேறி அங்கே வருகிறார்கள். குடியாத்தத்துக்காரர் மட்டும் ஏன் பக்கத்துத் தெருக் கிளினிக்கில் நுழைகிறார்? கூட்டம், ஒரு நாள் கூலி, எல்லாவற்றையும்விடக் கூச்சம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில், பெயரைக் கூவி அழைக்காமல், ஆண்களுக்கு ஒரு தனி நேரம் ஒதுக்கினால் பாதிப் பேர் அங்கே வருவார்கள்.

1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி இந்தக் கிளினிக்குகளை ஆய்வு செய்யுங்கள். ஊசி போட்டவர்களின் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள். இரண்டு காலைப் பரிசோதனைகள் அதில் இருக்கின்றனவா, கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். காலையில் அந்தக் கதவுகள் திறப்பதே இல்லை.

இப்படிக்கு,
குடியாத்தம் வாசி ஒருவன்