சேர்லிஃப்டில் என் மகளோடு வந்த அம்மாவுக்கு நன்றி

பச்சை ஜாக்கெட் போட்டிருந்த அம்மா, உங்கள் பெயர் தெரியாது. பனிச்சறுக்கு மலையில் மேலே ஏற்றிப்போகும் தொங்கு நாற்காலிக்கான வரிசை நகர்ந்த வேகத்தில் என் மகள் உங்கள் பக்கத்தில் ஏற, நான் அடுத்த நாற்காலியில் வந்தேன்.

நாற்காலியின் முன்னால் இறங்கும் பாதுகாப்புக் கம்பியைச் சட்டென்று இழுக்காமல், "இறக்கலாமா?" என்று கேட்டீர்களாம். அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சறுக்குக் கோல்களை ஒதுக்கிக்கொள்ளும்வரை காத்திருந்து மெதுவாக இறக்கினீர்கள். தலையில் இடிப்பதும் விரல் நசுங்குவதும் அந்த ஒரு நொடி அவசரத்தில்தான். முதுகை ஒட்டி உட்காரச் சொன்னதற்குத் தனி நன்றி. சின்னப் பிள்ளைகள் கம்பிக்கு அடியிலேயே நழுவிவிடலாம், அதனால் கம்பி மட்டும் போதாது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கம்பியை இறக்குவது சட்டம். ஆல்ப்ஸில் அது அன்றாடப் பழக்கம். அமெரிக்காவின் மேற்கில் பல இடங்களில் அவரவர் விருப்பம் என்பதால் கேட்கவே சிலர் கூச்சப்படுகிறார்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் கூச்சமே வேண்டாம் என்பேன்.

பலர் பாதி வழியிலேயே கம்பியைத் தூக்கிவிடுவார்கள். நீங்களோ மேலே கம்பியைத் தூக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை வரும்வரை அதைத் தொடவில்லை. அப்புறம் அவள் கோல்களைச் சரிபார்த்து, முன்னால் பார்த்து இறங்கச் சொன்னீர்கள். நான் வருவதற்குள் சறுக்கிப் போய்விட்டீர்கள். மனமார்ந்த நன்றிங்க.