ஸ்டெல்லாவுக்கு, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள ஸ்டெல்லா,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் இருந்தார்கள். எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் பேசுகிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு படி.

உன் தோழிக்கு ஒன்பது பிள்ளைகள். உன் ஆபீசில் அந்தக் குடும்பத்தைக் கேலி செய்கிறார்கள். நீ போகிற ஜெபக்குழுவில் அதே குடும்பத்தை முன்மாதிரி என்கிறார்கள், உன்னிடம் "ஏன் இரண்டோடு நிறுத்திவிட்டாய், கடவுளிடம் விட்டுவிடக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். நீ இரண்டு பக்கத்துக்கும் வாய் திறக்க முடியாமல் வீட்டுக்கு வந்து அழுகிறாய். அம்மா என்ன நினைக்கிறாய் என்றாய். நினைப்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கேலி. அது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுப் பேர் பிறந்த வீட்டில் மூத்தவளாகப் பிறந்தவள் நான். உன் தாத்தா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளில் பத்துப் பேர் இருந்தோம். உன் பாட்டியைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகளை ஆண்டவர் தரும் செல்வம் என்று 127ஆம் திருப்பாடல் சொல்கிறது. அம்பறாத்தூணியை அம்புகளால் நிரப்பினவன் பேறுபெற்றவன் என்கிறது. உன் தோழி அதை மனதார நம்புகிறாள். நானும் அதே திருப்பாடலைக் கோயிலில் எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். அவள் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். அதை மறந்துவிட்டு உனக்கு எழுத முடியாது. ஐந்து பிரசவம் தாண்டியவளை வார்டில் 'கிராண்ட் மல்டி' என்போம். கேஸ் ஷீட்டில் அதைப் பார்த்தாலே ரத்தம் ரெடியாக இருக்கிறதா என்று விசாரிப்போம். திரும்பத் திரும்ப விரிந்த கர்ப்பப்பை, குழந்தை வெளியே வந்த பிறகு இறுகிச் சுருங்க மாட்டேன் என்னும். சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. அதோடு ரத்தசோகை, இரண்டு பிரசவத்துக்கு நடுவில் உடம்பு தேறாத பலவீனம், குழந்தை குறுக்கே கிடப்பது என்று ஒவ்வொன்றாகச் சேரும். 1980களில் ஏழாவது எட்டாவது என்று வந்த பெண்கள் பலர் மாமியார் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து என் கையைப் பிடிப்பார்கள். "சிஸ்டர், இதோட ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க, வீட்டுல தெரிய வேணாம்." சில சமயம் செய்ய முடிந்தது. பல சமயம் வீட்டுக்காரர் வந்து டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்விடுவார். அடுத்த வருஷம் அதே பெண் அதே வார்டில் இருப்பாள்.

அந்தக் குரல்தான் எனக்கு இந்த விவாதத்தின் அளவுகோல். ஒன்பதா, இரண்டா, பதினாறா என்பதை அப்புறம் பார்க்கலாம். "போதும்" என்று அவள் சொன்னால் அந்த வீட்டில் அது எடுபடுமா? உன் தோழி விஷயத்தில் எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். எடுபடும், தெரிந்தேதான் ஒன்பது பெற்றாள் என்றால் யாருக்கும் பேச உரிமையில்லை. எடுபடாது என்றால் அந்த வீடு எத்தனை ஜெபம் செய்தாலும் எனக்கு ஏற்பில்லை. பெரியார் 1930களிலேயே இதைச் சொன்னார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். கோயிலுக்குப் போகிற நான் அவரைச் சொல்வது உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வார்டில் நின்று பார்த்தால் அவர் சொன்னது சரி.

நீ பார்க்கச் சொன்ன அந்த அமெரிக்க டாக்குமெண்டரியை நானும் அப்பாவும் முழுவதும் பார்த்தோம். ஆர்கன்சாவில் இருக்கும் டக்கர் குடும்பம். அவர்களைப் பற்றிய தொடர் 2008இல் டிவியில் ஆரம்பித்தபோது பதினேழு பிள்ளைகள், பிறகு பத்தொன்பது. கடைசிப் பெண் குழந்தை 2009 டிசம்பரில், 25 வாரத்திலேயே, 620 கிராம் எடையில் பிறந்தாள் என்று பார்த்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் வேலை பார்த்த காலத்தில் அந்த எடைக் குழந்தையை எங்களால் காப்பாற்றியிருக்க முடியாது. அங்கே காப்பாற்றினார்கள், நல்லது. இரண்டு வருஷத்தில் அந்தத் தாய் மறுபடி கர்ப்பம், அது தங்கவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அந்த வீட்டில் பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்துவிடுவார்களாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பெரிய பெண்கள் தலையில். அந்தப் பெண்களைப் பார்த்தபோது எனக்கு என் இடுப்பு வலித்தது. ஒன்பது வயதிலிருந்து என் இடுப்பில் யாராவது ஒரு தம்பி இருந்தான். பாட்டி கெட்டவள் இல்லை, அவளுக்கு இரண்டு கைதான். கடைசித் தங்கை பிறந்தபோது என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. ஒரு கன்னியாஸ்திரி டீச்சர் வீட்டுக்கு வந்து தாத்தாவோடு ஒரு மணி நேரம் பேசினார். அவர் வரவில்லையென்றால் நான் நர்ஸ் ஆகியிருக்க மாட்டேன், நீ இன்றைக்கு டல்லஸில் இருக்க மாட்டாய்.

எங்கள் வீட்டுக்கும் அந்த டிவி வீட்டுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கதவு திறந்திருந்தது. டீச்சர் வந்தார், பங்குச் சாமியார் வந்தார், எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கேட்காமலே உள்ளே வந்து என் தலையில் பேன் பார்ப்பார். அந்தக் குடும்பத்தில் படிப்பு வீட்டில், நட்பு சபைக்குள், யாரோடு பழகலாம் என்பதை அப்பா தீர்மானிப்பார். மூத்த மகன் பதின்ம வயதில் தன் தங்கைகள் உட்படச் சில சிறுமிகளிடம் தவறாக நடந்துகொண்டது வெளியுலகத்துக்குத் தெரிந்தது 2015இல்தான். தொடரை நிறுத்தினார்கள். அதே ஆள் 2021இல் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்கள் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, இன்றைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலான தண்டனையில் இருக்கிறான். அவர்கள் பின்பற்றிய போதனைகளைப் பரப்பிய பில் கோதார்ட், பல பெண்கள் புகார் சொன்ன பிறகு 2014இல் பொறுப்பிலிருந்து விலகினார். மகள்களில் ஒருத்தி ஜில், 2023இல் எழுதிய புத்தகத்தில் அத்தனை வருஷம் கேமரா முன்னால் நின்றதற்குப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை என்று சொல்கிறாள். இதையெல்லாம் வைத்துப் பெரிய குடும்பம் என்றாலே அக்கிரமம் என்று உன் ஆபீஸ்காரர்கள் சொன்னால் நீ ஒப்புக்கொள்ளாதே. ஒரே ஒரு பிள்ளை இருக்கும் வீட்டிலும் நடக்கும். ஆனால் ஒரு பிள்ளை வெளியாளிடம் போய்ச் சொல்ல வழியில்லாத வீடு ஆபத்தான வீடு. அதை ஒப்புக்கொள்.

இங்கேயும் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை, வேறு மாதிரி ஓடுகிறது. 2024 அக்டோபரில் சென்னையில் 31 ஜோடிகளுக்கு நடந்த கல்யாண விழாவில் முதல்வர் ஸ்டாலினே, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று நினைக்கும் நிலை வந்துவிட்டதே என்கிற மாதிரி பேசினார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக நாடாளுமன்றத் தொகுதிகள் குறையுமோ என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அதைத் தீர்க்க ஒரு பெண்ணின் வயிற்றைக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. சபை கேட்டாலும் சர்க்கார் கேட்டாலும் ரத்தம் போவது ஒருத்திக்குத்தான்.

அப்புறம் நம் தெருவில் "அவங்க எல்லாம் நிறையப் பெத்துக்கிறாங்க" என்று பாய் வீட்டைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. நீ இருந்தவரைக்கும் கேட்டிருப்பாய். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு முஸ்லிம் பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1992-93இல் 4.4 ஆக இருந்தது, 2019-21இல் 2.4க்குக் கீழே வந்துவிட்டது. இந்து பெண்களுக்கு 3.3இலிருந்து 1.9. எல்லோருக்கும்தான் இறங்குகிறது. தமிழ்நாட்டில் மொத்தமாக 1.8, பீகாரில் 3.0. பெண் எவ்வளவு படித்தாள், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்ததா என்பதுதான் பெரிய காரணம். பெரிய குடும்பத்தைக் காட்டி ஒரு மதத்தையே திட்டுகிறவர்களோடு என் கருத்தைச் சேர்த்துவிடாதே.

நம் திருச்சபை விஷயத்தில் உன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. 1968இல் திருத்தந்தை ஆறாம் பால் செயற்கைக் கருத்தடை கூடாது என்று எழுதினார், அது இன்னும் மாறவில்லை. நீ பிறந்து, தம்பி பிறந்த பிறகு நான் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்பாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு, இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பும் விமானத்தில், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போல இருக்க வேண்டியதில்லை, பொறுப்போடு பெற்றோராக இருப்பதே முக்கியம் என்றார். அவர் சட்டத்தை மாற்றவில்லை. பொறுப்பு என்று சொன்னாரே, அதை உன் ஜெபக்குழுவில் எடுத்துச் சொல். கடவுள் நமக்குக் கொடுத்த அறிவையும் சேர்த்துத்தானே அவரிடம் விட முடியும்.

உனக்கு மூன்றாவது வேண்டும் என்று தோன்றினால் சொல். ஆனால் உன் இரண்டாவது பிரசவத்தில் பிபி ஏறியதை நான் மறக்கவில்லை. முதலில் டாக்டரிடம் போய் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, இன்னொன்று உனக்குப் பாதுகாப்பா என்று கேள். அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் நீயும் பேசுங்கள். வேண்டாம் என்று முடிவானால் ஜெபக்குழுவில் யாருக்கும் காரணம் சொல்லாதே. "எங்கள் முடிவு" என்றால் போதும். மறுபடி கேட்டால் அந்தக் குழுவுக்குப் போகாதே, வேறு கோயிலில் பூசை பார்.

உன் தோழியின் மூத்த பெண்ணுக்குப் பதினைந்து வயது என்றாய். சனிக்கிழமை அவளை உன் பிள்ளைகளோடு நூலகத்துக்கு அனுப்ப முடியுமா என்று அவள் அம்மாவிடம் கேட்டுப் பார். கைக்குழந்தையை அவளோடு அனுப்பக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்றாயே, நீ சொல்லிக்கொடு. அவள் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா