நம்ம கடல் அட்டை வந்து சேர்ற தெரு

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க ஹாங்காங்ல நான் நல்ல சொகம், உங்க சொகமும் உம்மா சொகமும் அறிய ஆவல். போன்ல சொன்னா பாதியிலயே பேச்சு வேற எங்கயோ போயிடுது, நீங்களும் "சரி வாப்பா வெச்சுறவா"ன்னு கேட்டுடுவீங்க, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டேன், லாத்தாவ வாசிச்சு காட்ட சொல்லுங்க.

போன ஞாயிறு ஆபீஸ் லீவு. சிம் ஷா சுய்லேர்ந்து அந்த பச்ச வெள்ள ஃபெர்ரி புடிச்சு சென்ட்ரல் போயி அங்கேர்ந்து டிராம்ல மேற்கால போனேன். டிராம்னா ரெண்டு மாடி, 1904லேர்ந்து ஓடுது, பின்னாடி ஏறி முன்னாடி எறங்கும்போதுதான் காசு. மேல ஜன்னலோரமா உக்காந்துட்டா ஷியுங் வான் தாண்டுனதும் எந்த ஸ்டாப்புன்னு பாக்கவே வேணாம், டெஸ் வூ ரோடு வெஸ்ட்ல வாட உள்ள வந்துரும். கருவாட்டு வாட. ஆனா நம்ம ஊரு கருவாடு இல்ல, கொஞ்சம் இனிப்பும் மருந்தும் கலந்த வாட, ஏன்னா பக்கத்து கோ ஷிங் தெரு முழுக்க நாட்டு மருந்து, விங் லோக் தெரு முழுக்க ஜின்செங் வேரும் பறவைக் கூடும். எச்சில்ல கட்டுன கூடு வாப்பா, இந்தோனேசியாலேர்ந்து வருது, அதுல ஒட்டியிருக்குற சின்ன எறகுகள பொம்பளைங்க இடுக்கி வெச்சு ஒண்ணொண்ணா எடுக்கணுமாம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. அட்டை. கடலடியில வெள்ளரிக்கா மாதிரி கெடக்குமே, நம்ம கடல் அட்டை.

ஒரு கடைக்கு முன்னாடி ஆள் ஒசர கண்ணாடி ஜாடிங்க வரிசையா, ஒண்ணுல வெள்ளை அட்டை, வெரல் மொத்தத்துலேர்ந்து உள்ளங்கை நீளம் வரைக்கும் சைஸ் சைஸா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் சிவப்பு மையில வெல. எல்லாம் ஹாங்காங் டாலர்ல நாலு இலக்கம். அதுவும் கிலோவுக்கு இல்ல, இவங்களுக்கு ஒரு பழைய எடை இருக்கு, 604.8 கிராம், இன்னும் நெறய கடை அதுலதான் வெல எழுதுது, நான் கிலோன்னு நெனச்சு பாத்தப்பவே தல சுத்துச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும், கொல்லையில அண்டா வெச்சு நீங்க அட்டை அவிப்பீங்க, உம்மா மூக்க பொத்திக்கிட்டு "இந்த நாத்தத்துக்கு யாரு காசு குடுக்குறா"ன்னு திட்டுவாங்க. உம்மாகிட்ட சொல்லுங்க, குடுக்குறவங்கள பாத்துட்டேன்னு. ஒரு வயசான அம்மா தள்ளுவண்டி பையோட வந்து பத்து நிமிஷம் ஒவ்வொண்ணா எடுத்து தட்டிப் பாத்து, மோந்து பாத்து, வெளிச்சத்துல புடிச்சு பாத்து மூணே மூணு வாங்கிட்டு போச்சு.

இவங்க விருந்துல நாலு பொருள் இருந்தாதான் கௌரவம். ஆபலோன்ங்குற ஒரு கடல் நத்தை, அட்டை, சுறா துடுப்பு, அப்புறம் மீன் நெட்டி. நெட்டின்னா நம்ம கூறல் மீன் வயித்துலேர்ந்து எடுப்பாங்களே காத்துப் பை, அதேதான், பொரிச்ச அப்பளம் மாதிரி வெளிறிப் போயி கட்டித் தொங்குது, அதுவும் அட்டை வெலைக்கு கொறஞ்சது இல்ல. யோசிச்சு பாருங்க, நாலுல மூணு நம்ம கடல்லேர்ந்தும் வந்துருக்கு, நம்ம வீட்டுல ஒண்ணக்கூட யாரும் திங்கல.

கடைக்காரருக்கு எழுபது வயசு இருக்கும், பனியனும் அரக்கால் டவுசரும், மூட்ட மேல ஒரு பூன தூங்குது. இங்க பூன இல்லாத கருவாட்டுக் கடைய தேடணும். மொதல்ல முறைச்சாரு, நான் போன எடுத்து போட்டோ புடிக்கப் போறேன்னு. துடுப்புக்காக சுறாவ கொல்றாங்கன்னு கெளம்புன எதிர்ப்பால வெளியாளு கேமராவோட வந்தாலே இந்தத் தெருவுல ஆகாது, பல கடையில போட்டோ எடுக்காதன்னு எழுதியே வெச்சுருக்காங்க. 2013லயே கவர்மென்ட் விருந்துகள்ல துடுப்பு சூப்ப நிறுத்திட்டாங்க, ஆனா கடையில ஜாடி ஜாடியா இருக்கத்தான் செய்யுது. நம்ம நாட்டுல 2015லேர்ந்து துடுப்பு ஏத்துமதியே தடைதானே. நான் போன பைக்குள்ள போட்டுட்டு என் ஓட்டக் கான்டனீஸ்ல எங்க வாப்பா இது காயவெச்சவருன்னு சொன்னேன் பாருங்க, மனுசன் ஸ்டூல இழுத்துப் போட்டுட்டாரு, கிளாஸ்ல டீ, பால் சக்கர எதுவும் கெடையாது.

எந்த ஊரு அட்டைன்னு கேட்டேன். ஸ்ரீலங்கான்னாரு. வெளிய சொல்லல, ஆனா வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சு. மன்னார் பக்கமாத்தான் இருக்கும், அந்தக் கரையில லைசென்ஸ் வாங்கி புடிக்கலாம், யாழ்ப்பாணம் கிளிநொச்சியில பண்ணையே வெச்சு வளக்குறாங்க, இந்தக் கரையில 2001லேர்ந்து புலி மாதிரியே அட்டையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில, தொட்டா ஜெயில். நம்ம மண்டபம் ஊருல அட்டை மூட்ட புடிபட்டுச்சுன்னு அடிக்கடி நியூஸ் வருதே, அந்த மூட்டையெல்லாம் எதிர்க்கரைக்கு போயி அந்த ஊரு சரக்கா இங்க வருதோ என்னமோ, ஜாடிக்குள்ள போனதுக்கு அப்புறம் யாரு கண்டா. தடை வந்தப்ப நீங்க ரொம்ப ஒடஞ்சு போனீங்க, மூணு இஞ்சுக்கு கொறஞ்சத அனுப்பக்கூடாதுன்னு 1982லயே சட்டம் போட்டாங்க, அத எல்லாரும் ஒழுங்கா கேட்டிருந்தா முழுசா மூடியிருக்க மாட்டாங்கன்னும் நீங்கதான் சொல்லுவீங்க. இப்ப இந்தத் தெருவுல நின்னு பாக்கும்போது எனக்கும் அதுதான் தோணுது. மொளகா சைஸுல குட்டி அட்டையும் ஒரு கூடையில மலிவா கொட்டி வெச்சுருந்தாங்க, அதப் பாக்கவே பிடிக்கல.

இன்னொண்ணு, முன்னாடி கடல் இந்தத் தெருக்கிட்டதான் இருந்துச்சாம், 1850கள்லேர்ந்து மண்ணக் கொட்டிக் கொட்டி அலைய தள்ளி வெச்சுட்டாங்க. தெக்க உள்ள நாடுகள் சரக்க வடக்க சீனாவுக்கும், அங்கத்துத தெக்கயும் மாத்திவிட்ட யாவாரிங்க 1868லயே சங்கம் கட்டுனது இங்கதான், இன்னும் இருக்கு. நம்ம ஊரு மரைக்காயர்மாரு கத சொல்றப்ப சீனா சீனாம்பீங்களே, அந்த யாவாரத்துக்கு இது ஒரு வாசல்.

சாப்பிட்டு பாத்தியான்னு கேப்பீங்க. இல்ல. அட்டைக்குன்னு தனி ருசி கெடையாதாம், நாள் கணக்குல ஊறவெச்சு அவிச்சு கோழிச்சாறு, அந்தப் பன்னித்தொட ஊறுன சாறு இதுலதான் வேக வைக்கிறாங்க, நமக்கு ஆகாது. உம்மா கவலப்பட வேணாம், சாயங்காலம் வான்ச்சாய் பள்ளிவாசல் மாடி கேன்டீன்ல ஹலால் சாப்பாடு சாப்பிட்டு அங்கயே மஃரிப் தொழுதுட்டுதான் ரூமுக்கு வந்தேன்.

உங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அவிச்ச அட்டைய ராத்திரி ஈர மண்ணுல பொதச்சு மறுநாள் மேல உள்ள சுண்ணாம்பு தோல மிதிச்சு எடுப்பீங்கல்ல, இத சொன்னதும் கடைக்காரரு நம்பல, அவரு அறுபது வருசமா காஞ்சத மட்டும்தான் பாத்துருக்காரு. மண்ணு கடக்கர மண்ணா தோட்டத்து மண்ணா, உப்புத்தண்ணி ஊத்துவீங்களா, தோலு சுத்தமா போயிடுச்சுன்னு எப்படி தெரியும்னு கேள்வி மேல கேள்வி. எனக்கு ஞாபகம் வரல. நிதானமா ஒரு வாய்ஸ் நோட்டு போடுங்க வாப்பா, அடுத்த ஞாயிறு போயி அவருக்கு போட்டு காட்டி அர்த்தம் சொல்றேன். பெருநாள் காச லாத்தா அக்கவுண்டுல போட்டுருக்கேன், கண்ணாடி மாத்துறத இனியும் தள்ளிப் போடாதீங்க.

வஸ்ஸலாம்,
உங்க மகன்