பேட்டரியை மாடிக்குத் தூக்க வைக்காதீர்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பார்க்கிங்கில் மின்வண்டிகளுக்கு சார்ஜ் போடக் கூடாது, பேட்டரியையோ மடக்கும் மின்சைக்கிளையோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்ற அறிவிப்பு அது. ஒட்டிய மறுநாள் காலையிலேயே ஆள் வந்து பார்க்கிங்கின் ஆறாம் தூணில் இருந்த ப்ளக் பாயிண்டைக் கழற்றிவிட்டு, வயர் முனைக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போய்விட்டார். என் மின் ஸ்கூட்டரில் அப்போது ஒரு கட்டைதான் சார்ஜ் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை கேட்டேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. செயலாளரை மாடிப்படியில் பார்த்துக் கேட்டபோது, "கமிட்டி முடிவு டீச்சர், என் கையில ஒண்ணுமில்ல" என்றார். யார் கையிலும் இல்லாத முடிவு என்றால் எல்லாரிடமும்தான் கேட்க வேண்டும். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஆறாம் தூணில் இருந்த ப்ளக் பாயிண்டைத் திரும்பக் கொடுங்கள். என் மின்சாரத்துக்கு நான் பணம் கட்டுகிறேன்.

எனக்கு 61 வயது. 34 வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். அத்தனை வருடமும் பஸ்தான். சைக்கிளைத் தவிர எந்த வண்டியும் ஓட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. நம் தெருவிலிருந்து குரோம்பேட்டை மார்க்கெட், மருந்துக்கடை, ரேஷன் கடை, பேத்தியின் பள்ளி எல்லாமே இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் என்னைப் போன்றவர்களுக்கு மலை. நடந்தால் கால் வீங்குகிறது. ஆட்டோக்காரர் "இவ்ளோ கிட்டவா?" என்று கேட்டுவிட்டு நூறு ரூபாய் சொல்கிறார், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். ஷேர் ஆட்டோ பெரிய சாலையான ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே வராது. அரைக்கிலோ கத்தரிக்காய்க்கும் பத்து மாத்திரைக்கும் யாரையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த இரண்டு வருடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2023இல் என் மகள் இந்த மின் ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்தாள். மோட்டார் 250 வாட்டுக்குள். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்த வகை வண்டியை மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஹெல்மெட் நானாகப் போட்டுக்கொள்கிறேன். 59 வயதில் நம் பார்க்கிங்கிலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பழகினேன். முதல்முறையாகத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது, இன்று அறிவிப்பில் கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் இரண்டு பேர் கேட்டருகே நின்று கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் மறக்கவில்லை.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் வண்டியின் பேட்டரி கழற்றக்கூடியது. பத்து கிலோவுக்குப் பக்கத்தில் எடை. பார்க்கிங்கில் சார்ஜ் போடக் கூடாது, பேட்டரியை லிஃப்டில் கொண்டுபோகக் கூடாது என்று இரண்டையும் ஒரே அறிவிப்பில் போட்டுவிட்டீர்கள். மூன்றாம் மாடி வரை படிதான். என் பேரனின் பழைய புத்தகப் பையில் அதை வைத்து, இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். முதல் திருப்பத்தில் ஜன்னல் திட்டு இருக்கிறது, அங்கே பையை வைத்து மூச்சு வாங்கலாம். இரண்டாம் திருப்பத்தில் வைக்க இடமில்லை, படியிலேயே வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். முழங்கால் உறை வியர்வையில் நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது. அதைச் சரிசெய்து எழுந்திருப்பதுதான் பெரிய வேலை. வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி. அப்புறம் மறுநாள் காலை அதே பையோடு இறங்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு வலி என்பது, முட்டிவலி உள்ளவர்களுக்குத் தெரியும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேட்டரி வீட்டுக்குள் வந்த பிறகு நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹாலில் எர்த் சரியாக உள்ள ப்ளக், வாசல் கதவை ஒட்டிச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒன்றுதான் இருக்கிறது. அங்கேதான் சார்ஜ் போடுகிறேன். முழுதாக ஏற நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் நான் ஹாலில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளறையில் என் கணவர் படுத்திருக்கிறார். அவசரம் என்றால் அவரால் வேகமாக எழுந்து வர முடியாது. வெளியே போக இருப்பது அந்த ஒரு கதவுதான்.

நீங்கள் எதற்குப் பயந்து இந்த அறிவிப்பைப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி மனிதர்கள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது, இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்பதுதானே அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது? நான்கு பக்கமும் காற்றோட்டமுள்ள, வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கும், தீயணைப்பான் மாட்டியிருக்கும் கீழ்த்தளத்திலிருந்து அதைப் பிடுங்கி, என் வீட்டு வாசல் கதவுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நம் கட்டடத்தில் மின் ஸ்கூட்டர் ஐந்து இருக்கிறது. ஐந்து வீட்டுக்காரர்களும் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் போய்க் கேட்கவில்லை. ஒருவர் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிடுகிறார். மழை பெய்தால் அந்த வயரின் கதி என்ன என்று நினைத்தாலே பதறுகிறது. ஆபத்து அப்படியே இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பொது மின்சாரத்தை நாங்கள் தின்றுவிடுகிறோம் என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். கணக்கு வாத்தியாரிடம் கணக்கு பேசினால் நான் சும்மா இருக்க முடியாது. என் பேட்டரி 48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1,152 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். சார்ஜர் சூடாவதில் போகும் இழப்பையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு ஒன்றே கால் அல்லது ஒன்றரை யூனிட்டுக்குள். பொது இணைப்புக்கு நாம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம், ஒன்பது என்றே வைத்துக்கொள்வோம். பதிமூன்று பதினான்கு ரூபாய். மாதத்துக்கு எட்டு ஒன்பது தடவை போட்டாலும் 125 ரூபாய் தாண்டாது. அதையும் இலவசமாகக் கேட்கவில்லை. என் வீட்டு மீட்டரிலிருந்தே தனி வயர் இழுத்துக்கொள்கிறேன், அல்லது சப் மீட்டர் வைத்துப் படித்துப் பார்த்து வசூலித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் இழுக்கும் சக்தி 300 வாட் சுற்றி. வீட்டு மிக்ஸி இழுப்பதைவிடக் குறைவுதான். அதனால் லோடு தாங்காது என்ற பேச்சும் நிற்காது.

சட்டம் இடம் கொடுக்காது என்றும் கேள்விப்பட்டேன். மின்வாகனத்துக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கனவே இருக்கும் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று 2022 ஜனவரி வழிகாட்டு நெறிமுறையில் எழுதியே வைத்தார்கள். தமிழக அரசு 2019இல் ஒரு மின்வாகனக் கொள்கையும், 2023இல் திருத்திய கொள்கையும் கொண்டுவந்தது. அரசாங்கம் வாங்கு வாங்கு என்று சொல்கிறது, வாங்கிக்கொண்டு வந்தால் சொந்தக் கட்டடத்தில் நிறுத்தி சார்ஜ் போட இடமில்லை. பார்க்கிங்கில் எனக்கும் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் பத்திரம் பதிந்து, மாதா மாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறேன்.

இரண்டாம் மாடித் தம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவன் கூச்சப்பட்டுக்கொண்டு பேச மாட்டான். மடக்கும் மின்சைக்கிள் வைத்திருக்கிறான். கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டிப் போய், மடக்கி, பஸ்ஸில் பின்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான். அங்கே இறங்கிய பிறகு ஆபீஸ் வரை மறுபடியும் ஓட்டுகிறான். மடக்கினால் பெரிய சூட்கேஸ் அளவுதான் இருக்கும். அதையும் லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றுவிட்டீர்கள். இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அந்தச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் இரண்டு மாடி ஏறுகிறான். வாஷிங் மெஷின் ஏறிய லிஃப்ட், ஃப்ரிட்ஜ் ஏறிய லிஃப்ட். அவன் பைக்கை விற்றுவிட்டு இதை வாங்கினான். நம் பார்க்கிங்கில் ஒரு இடம் காலியானது அவனால்தான். இப்போது மறுபடியும் பைக் வாங்கலாமா என்று யோசிக்கிறானாம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அதே பார்க்கிங்கில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் டீசல் கேன் இரண்டு நிற்கிறது. பெட்ரோல் வண்டிகள் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. அவற்றுக்கு அறிவிப்பு இல்லை. பழகிய ஆபத்து யாருக்கும் ஆபத்தாகத் தெரிவதில்லை. வெளியே போனாலும் இதே கதைதான். நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் கடைப் பலகையும் நிறுத்திய காரும் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வயதானவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கார் உள்ளவர்களுக்காகவே ஊரைக் கட்டிவிட்டு, முடியாதவர்கள் வீட்டில் இருங்கள் என்று சொல்வது போலிருக்கிறது. இந்த ஸ்கூட்டர் வந்த பிறகுதான் நான் யாரையும் கேட்காமல் வெளியே போய்வருகிறேன். பேத்தியைப் பள்ளியிலிருந்து நானே அழைத்துவந்தேன். சென்ற மாதத்திலிருந்து அவளைக் கூட்டிவர மகள் ஆபீசில் பர்மிஷன் போடுகிறாள்.

சரி, இதெல்லாம் உங்களால் மட்டும் தீர்கிற விஷயமில்லை. குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். சம்பளமில்லாமல் சங்க வேலை பார்க்கிறீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோது இரவெல்லாம் மோட்டார் போட்டு இறைத்தவர்கள் நீங்கள். உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

ப்ளக் பாயிண்டைத் திரும்பக் கொடுங்கள். அதற்கு என்ன கட்டுப்பாடு வேண்டுமானாலும் போடுங்கள். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை மட்டும் சார்ஜ் போடலாம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதுவும் சொருகக் கூடாது என்று சொல்லுங்கள். வண்டிக்குச் சோதனை நிலையச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், என்னுடையதன் நகல் தருகிறேன். ஓடிவந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது என்ற விதியும் நல்ல விதிதான். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, எர்த்தோடு, லோடு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டு, மிக்ஜாமில் தண்ணீர் நின்ற கறைக்கு இரண்டடி மேலே பாயிண்ட் வைக்கலாம். தூணில் அந்தக் கறை இன்னும் தெரிகிறது. செலவை ஐந்து வீட்டுக்காரர்களும் பகிர்ந்துகொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அதுவரைக்குமாவது, பேட்டரியையும் மடக்கிய சைக்கிளையும் லிஃப்டில் கொண்டுபோக அனுமதியுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை எடுத்துவருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் உங்களில் யாராவது ஒருவர் மூன்றாம் மாடிக்கு வந்து, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே அந்த ப்ளக் எங்கே இருக்கிறது, கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால் நல்லது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு சார்ஜ் போடுவேன். பத்து மணி வரை ஹாலில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி டீச்சர்